ஐந்தாம் பாகத்தின் செய்முறைச் சோதனை

நான்காம் பாகம் ஓங்கிய கையோடு முடிந்திருந்தது. கை, உப்பரசனின் தளபதியுடையது. அதற்குக் கீழே நேராவின் கன்னம். நேராவுக்குப் பதினைந்து வயது. துடுப்பு போடுகிறவள். ஆறு தீவுகளையும் உப்பரசனிடமிருந்து மீட்கக் கிளம்பியவள். கை இறங்கியதா இல்லையா என்று எழுதியவர் சொல்லவில்லை.

அதைப் படித்தபோது ரமாபாய்க்கு வயது பதினாலு. அந்தக் கை மூன்று வருடமாக அங்கேயே நின்றது.

அவள் மட்டும் காத்திருக்கவில்லை. வியாசர்பாடியில் அவர்கள் குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில், தண்ணீர் லாரிக்கு நிற்கிற பெண்கள் எல்லோருக்கும் நாலு பாகமும் தலைகீழ்ப் பாடம். லாரி வராத நேரங்களில் ரமாபாய் சொல்லிக்கொண்டிருந்த கதை. அது 2003. லாரி வராத நேரங்கள் நிறைய இருந்தன. அவள் கதை சொல்கிற நாட்களில் வரிசையில் மண்டை உடைவது குறைவு என்று பிளாக்கில் ஒரு பேச்சு உண்டு.

“இன்னாமே, அந்தப் பொண்ணு அடி வாங்கிச்சா இல்லியா?”

“அஞ்சாவது பாகம் வரணும்க்கா.”

“எய்தறவன் செத்துகித்துப் பூட்டானா?”

“எய்தறது பொம்பளக்கா.”

“அப்ப எய்தி முடிச்சுடுவா.”

நாலு பாகத்தையும் ரமாபாய் இராயபுரத்தில் இருந்த இளையோர் வாசிப்பு நல வாரியத்தின் நூலகத்தில்தான் எடுத்துப் படித்தாள். துறைமுக மதிலை ஒட்டிய தெருவில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அது. பதினெட்டு வயது முடிகிற நாளில் உறுப்பினர் அட்டை செல்லாது. பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் தேவையில்லை என்று வாரியம் முடிவு செய்திருந்தது. பெரியவர்களுக்கு என்ன தேவை என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஐந்தாம் பாகம் வந்தது. இதுவே கடைசிப் பாகம். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரை குத்தியிருந்தார்கள். ரமாபாய் கண்ணாடியில் மூக்கு படிய நின்றாள்.

“தொடாதட்டி. எண்ணெய் படியும்” என்றார் நூலகர் செல்லக்கனி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். இராயபுரம் வந்து பதினெட்டு வருடம் ஆகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர்.

“எப்போ மேடம் குடுப்பீங்க?”

“குழு பாக்கணும்லா. வன்முறை கெடக்கான்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும். புது உத்தரவு.”

“எத்தினி நாள் ஆவும்?”

“போன புஸ்தகத்துக்கு ஏழு மாசம் ஆச்சு. அதுல ஒரு அணில்தான் மரத்துலேருந்து கீழ விழுந்துச்சு.”

“ஆகஸ்ட் ரெண்டு எனக்குப் பதினெட்டு முடியுது மேடம்.”

செல்லக்கனி அவளை மேலும் கீழும் பார்த்தார். “அப்பம் தலைவர்ட்ட பேசு. பக்கத்துல மட்டும் நிக்காத, கேட்டியா. அவரு கையை வீசிப் பேசுவாரு.”

தலைவர் வேலப்பன் ஓய்வுபெற்ற அதிகாரி. வன்முறை ஒழிப்பு நூல் தகுதிக் குழுவின் ஆயுட்காலத் தலைவர். அவர் பேசும்போது வலப்பக்கம் நிற்பது பியூன் யேசுதாஸின் வேலை. ஒவ்வொரு வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் யேசுதாஸின் முதுகில் விழும். அதற்கென்று அவருக்குத் தனிப் படி எதுவும் கிடையாது.

“வன்முறை ஓர் இளம் உள்ளத்தில் நுழைந்தால் என்ன ஆகும்?” என்றார் வேலப்பன். கை வீசியது. “என் மகன் ஒருநாள் சண்டைக் கதை படித்துக்கொண்டிருந்தான். பெல்ட்டைக் கழற்றினேன். அன்றிலிருந்து அவன் எந்த நூலையும் தொட்டதில்லை. என்னிடம் பேசியதும் இல்லை. வீடு அவ்வளவு அமைதி.” கை வீசியது. யேசுதாஸ் அரை அடி முன்னால் போய்த் திரும்பி வந்தார்.

ரமாபாய் தன் பிறந்த தேதியைச் சொன்னாள்.

“சோதனை முடியாமல் தர இயலாது. ஒரு நூலில் இருப்பது வன்முறையா இல்லையா என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பெண்ணே. படித்தால் நாங்களே கெட்டுப்போவோம். ஆகவே செய்து பார்க்கிறோம். செய்முறைச் சோதனை. வலித்தால் வன்முறை. வலிக்காவிட்டால் இலக்கியம்.”

“யாரு மேல சார் செஞ்சி பார்ப்பீங்கோ?”

“விண்ணப்பித்தவர் மேல்தான். சம்பந்தமில்லாதவர்களை அடித்தால் அது வன்முறை ஆகிவிடாதா?”

ரமாபாய் யோசித்தாள். சொன்னதில் எங்கோ ஓட்டை இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. ஞாயிறு போக ஆகஸ்ட் ஒன்று வரை பத்து வேலை நாள். புத்தகத்தில் முப்பது அத்தியாயம். விண்ணப்பித்தவர் தினமும் நேரில் வந்து ஒத்துழைத்தால் நாளைக்கு மூன்று அத்தியாயம் முடிக்கலாம் என்றார் செல்லக்கனி. அணில் புத்தகத்துக்கு விண்ணப்பித்த பையன் முதல் நாளே ஊரை விட்டுப் போய்விட்டானாம். அதனால்தான் ஏழு மாதம்.

சம்மதப் படிவம் கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவள் அம்மா பட்டம்மாள் காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். இரண்டு தரம் படித்துப் பார்த்தாள்.

“‘மனமுவந்து அடிபட’ன்னு எய்திக்கீதே, இன்னாடி இது?”

“கவர்மெண்டு பாசைம்மா. அப்டித்தான் எய்துவாங்கோ.”

பட்டம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குச் சோதனை தொடங்கியது. தொடங்குமுன் வேலப்பன் பாத்திரப் பங்கீட்டு ஆணையை வாசித்தார். கதையில் வருகிற பாத்திரங்களை அலுவலகப் பதவி வரிசைப்படிதான் ஏற்க வேண்டும். அரசர், பேரரசர், கடவுள் ஆகிய இடங்கள் தலைவருக்கு மட்டும். தளபதி, மந்திரி, மந்திரவாதி நூலகருக்கு. காவலர், அடியாள், கொள்ளையர் பியூனுக்கு. பதவியே இல்லாத விண்ணப்பதாரருக்கு மிச்சம் இருக்கிறவர்கள்.

மிச்சம் இருந்தது நேரா மட்டும்தான்.

முதல் அத்தியாயம். தளபதியின் ஓங்கிய கை. ஆணைப்படி தளபதி செல்லக்கனி. அவர் இடக்கையில் புத்தகத்தைப் பிடித்தபடி, அடி விழுகிற வரியை மட்டும் வாசித்தார். மற்ற வரிகளை ஒரு போஸ்ட் கார்டால் மறைத்திருந்தார். அது விதி.

“‘கை இறங்கியது. நேராவுக்குப் பொறி கலங்கியது.’”

மூன்று வருடம் கழித்து அந்தக் கை இறங்கியது. ரமாபாயின் கன்னத்தில்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இறங்கத்தான் செய்தது! நாளைக்கு லாரி வரிசையில் சொல்லலாம். வலி அதற்குப் பின்னால் வந்தது.

“பொறி கலங்கியதா?” என்று கேட்டார் வேலப்பன்.

“கொஞ்சம் கலங்கிச்சி சார்.”

“‘கொஞ்சம்’ என்று நூலில் இல்லை. மறுபடி.”

மறுபடி விழுந்தது. செல்லக்கனி மரஸ்கேலை எடுத்து வீக்கத்தை அளந்து பதிவேட்டில் எழுதினார். நீளம் ஆறு சென்டிமீட்டர், அகலம் நான்கு. தீர்ப்பு: வன்முறை. அந்தப் பக்கத்தைப் பிளேடால் அறுத்து எடுத்தார். யேசுதாஸ் அதைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொளுத்தினார்.

ரமாபாய் எழுந்துவிட்டாள். “இன்னா சார், கொளுத்துறீங்கோ?”

“வன்முறையை வேறென்ன செய்வது?” என்றார் வேலப்பன்.

அப்போதுதான் அவளுக்குக் கணக்கு புரிந்தது. அடியெல்லாம் வாங்கி முடித்த பிறகு கைக்கு வரப்போவது அடி இல்லாத பக்கங்கள். நேரா சாப்பிட்டது, தூங்கியது, மழை வந்தது. கடைசியில் உயிரோடு இருந்தாளா இல்லையா என்பது எரிந்துபோகிற பக்கத்தில் இருக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் அடி விழுகிற இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நின்றாள்.

இரண்டாம் அத்தியாயத்தில் காவலர்கள் நேராவைப் படிக்கட்டில் இழுத்துப்போனார்கள். யேசுதாஸ் கிடங்கின் மாடிப்படியில் அவளை இழுத்துப்போனார். பதினேழு படி. நூலில் நாற்பது படி என்று இருந்ததால் மேலே தூக்கிவந்து இன்னொரு தரம் இழுத்தார். மூன்றாம் தரத்தில் ஆறு படி.

“வலிக்கிதா கண்ணு?” என்று காதருகில் கேட்டார் யேசுதாஸ்.

“வலிக்கிது அண்ணே.”

“எனக்குத் தெனிக்கும் வலிக்கிது. பேஜாரான எடம் இது. அப்பால இன்னா ஆச்சாம் அதுக்கு?”

“தெரில. மூணாவது அத்தியாயம் மத்தியானம்.”

யேசுதாஸ் அன்று சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

எட்டாம் அத்தியாயத்தில் கடல் மிருகம் ஒன்று நேராவின் தோளைக் கடித்தது. மிருகத்துக்குப் பதவி வரிசை சொல்லப்படவில்லை. வேலப்பன் அரை மணி நேரம் ஆணையைப் புரட்டினார். மிருகம் அரசனுக்குக் கட்டுப்பட்டது, காவலருக்கு மேற்பட்டது என்பதால் நூலகர் கடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

செல்லக்கனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கோச்சுக்காத தாயி. ரெண்டு வருசத்துல எனக்குப் பென்சன்.”

“பரவால்ல மேடம். கடிங்கோ.”

கடித்தார். பல் பதிந்த இடங்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதினார்கள். மேலே ஐந்து, கீழே நான்கு. கீழே ஒரு பல் குறைவது நூலகருடைய குறை, நூலுடையது அல்ல என்று வேலப்பன் அடிக்குறிப்புப் போடச் சொன்னார்.

ஒவ்வொரு அடிக்கும் இடையில் வேலப்பன் கண்ணை மூடிக்கொள்வார். கதை அவருக்குள் போகக் கூடாது என்பதற்காக. “முப்பத்தொரு வருடம் இளையோர் நூல்களுக்காகவே உழைத்திருக்கிறேன்” என்றார் ஒருநாள் டீ குடிக்கும்போது. “ஒன்றையும் படித்து முடித்ததில்லை. முடித்தால் சார்பு வந்துவிடும்.”

பதினாலாம் அத்தியாயத்தில் நேராவின் இரண்டு விரல்களை முறித்தார்கள். இந்த இடத்தில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. ஒரு விரல் போதும், அடுத்ததை அனுமானித்துக்கொள்ளலாம் என்றார் செல்லக்கனி. அனுமானம் என்பது கற்பனை, கற்பனை கூடாது என்பதற்காகத்தானே இந்தக் குழு என்றார் வேலப்பன். யேசுதாஸ் இடக்கைச் சுண்டுவிரலை முறுக்கினார். அது வீங்கிய வேகத்தைப் பார்த்து வேலப்பனே மோதிர விரலை ஒத்திவைத்தார். கருணை, என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

பிளஸ் டூ முடித்துவிட்டு ரமாபாய் டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளுடைய தாளில் ‘a’ என்கிற எழுத்தே விழவில்லை.

பதினாறாம் அத்தியாயத்தில் கைதிகளை நீரில் முக்கினார்கள். நூலகத்தில் நீர் இல்லை. ஒரு வாரமாகக் குழாயில் காற்றுதான் வந்தது. சோதனையை ஒத்திவைப்பதாக வேலப்பன் அறிவித்தார்.

“ஒத்தி வச்சா நாள் பூடுமே சார்.”

“நீர் இல்லாமல் எப்படி முக்குவது? விண்ணப்பதாரர் ஏற்பாடு செய்தால் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை.”

மறுநாள் காலை ரமாபாய் லாரி வரிசையில் நாலு குடத்தோடு நின்றாள். வீட்டுக்கு இரண்டு.

“இன்னாத்துக்குடி எக்ஸ்ட்ரா ரெண்டு கொடம்?”

“முக்கறதுக்குக்கா.”

“துணியா?”

“என்னிய.”

முன்னால் நின்ற பெண், “நீ முன்னாடி வா” என்று இடம் விட்டாள். அதற்குப் பின்னால் நின்றவள் அந்த இடத்துக்காக முன்னவளின் கொண்டையைப் பிடித்தாள். அன்று கதை சொல்ல நேரம் இல்லாததால் இரண்டு மண்டை உடைந்தது.

ரமாபாய் இரண்டு குடத்தையும் பஸ்ஸில் ஏற்றி இராயபுரம் கொண்டுவந்தாள். அவற்றை ஓர் இரும்புத் தொட்டியில் ஊற்றி அவள் தலையை அதில் முக்கினார்கள். நூலில் ‘நூறு எண்ணும்வரை’ என்று இருந்தது. யேசுதாஸ் எண்ணினார். அவருக்கு எண்பதுக்குப் பிறகு வரிசை தெரியாது என்பது அதுவரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எண்பதிலிருந்து மறுபடி எழுபதுக்குப் போனார். செல்லக்கனி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

ரமாபாய் இருமி, தண்ணீரைக் கக்கி, மூச்சு வந்ததும் முதலில் கேட்டது: “நேராவ வெளிய எடுத்தாங்களா மேடம்?”

“எடுத்துட்டாங்கட்டி. எடுத்துட்டாங்க.” செல்லக்கனி அவள் முதுகைத் தட்டினார். போஸ்ட் கார்டு எங்கோ விழுந்து கிடந்தது. அதற்கு மேல் அவர் அதைத் தேடவில்லை. அடி விழாத வரிகளும் அவர் கண்ணில் பட ஆரம்பித்தன.

ஜூலை முப்பது, புதன்கிழமை, வன்முறையற்ற வாசிப்பு விழா. தெருவை அடைத்துப் பந்தல். பெற்றோர்கள் நானூறு பேர். மேடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ரமாபாயை உட்காரவைத்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. சுண்டுவிரலில் மரஸ்கேலின் துண்டை வைத்துக் கட்டியிருந்தது.

வேலப்பன் மைக்கைப் பிடித்தார். யேசுதாஸ் வலப்பக்கம் நின்றார்.

“பெற்றோர்களே! இந்தப் பெண்ணைப் பாருங்கள். எட்டே நாளில், ஒரே ஒரு நூல், ஓர் இளம்பெண்ணை என்ன செய்திருக்கிறது பாருங்கள்! இந்தக் கண். இந்த விரல். தோளில் பல் தடம், ஒன்பது. இனியும் உங்கள் பிள்ளைகளிடம் கதைப் புத்தகம் கொடுப்பீர்களா?”

கூட்டம் கொதித்தது. “கொளுத்துங்க அந்தப் பொஸ்தகத்த!” என்று ஒருவர் எழுந்து கத்தினார். பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த தன் மகனைப் பளாரென்று ஒன்று விட்டார், முன்னெச்சரிக்கையாக. அது வரிசை வரிசையாகப் பரவியது. பந்தல் முழுக்கப் பெற்றோர்கள் பிள்ளைகளை அடிக்கும் சத்தம் கேட்டது. வேலப்பன் கண் கலங்கினார். “இந்த விழிப்புணர்வைத்தான் நான் எதிர்பார்த்தேன்” என்றார்.

பின்வரிசையில் இறால் கவுச்சி அடிக்கும் புடவையோடு பட்டம்மாள் எழுந்து நின்றாள்.

“யோவ், அட்சது பொஸ்தகமா நீயா?”

“அம்மா, நாங்கள் நூலின் சார்பில் அடித்தோம்.”

“அதுக்குக் கை கீதா?”

“இல்லை. அதனால்தான் நாங்கள் உதவ வேண்டியிருக்கிறது.” கை வீசியது. யேசுதாஸ் மேடையிலிருந்து கீழே விழுந்தார். பலத்த கைதட்டல்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பட்டம்மாள் கதவைச் சாத்தினாள்.

“நாளிக்கு நீ போவக் கூடாது. போனே, கால ஒடச்சிடுவேன்.”

“இன்னும் ஆறே அத்தியாயம்மா.”

பட்டம்மாள் கையை ஓங்கினாள். எங்கே அடிப்பது என்று தேடினாள். மகளின் உடம்பில் இடம் கிடைக்கவில்லை. கையை இறக்கி, சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள். “அது இன்னும் உசுரோட கீதா?”

“கீதும்மா. ரெண்டு வெரலு போச்சி. மத்தபடி கீது.”

“உனக்கு ஏண்டி இது?”

“முடிவு தெரியணும்மா” என்றாள் ரமாபாய். “பாதில வுட முடியாது.”

ஆகஸ்ட் ஒன்று, வெள்ளிக்கிழமை. புத்தகம் நூற்றெண்பது பக்கமாக இளைத்திருந்தது. மூன்று மணிக்கு முப்பதாம் அத்தியாயம் மட்டும் மீதி. ஐந்து மணிக்கு நூலகம் மூடும். அதோடு ரமாபாயின் அட்டை முடியும்.

செல்லக்கனி அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களை முன்னாலேயே பார்த்துவைத்திருந்தார். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலைவர் அருகில் போனார்.

“அய்யா, இதுல உப்பரசன் வாரான். அவனுக்கு இதுல நெறைய வேலை கெடக்கு. வேணும்னா யேசுதாசை அந்த எடத்துல உக்கார வச்சிருவோமா?”

வேலப்பன் மூக்கு விடைத்தது. “கடைநிலை ஊழியர் அரியணையில் அமர்வதா? நாளைக்கு என் அறையில் அமர்வார். நாளன்றைக்கு ஓய்வூதியம் கேட்பார். அரசன் எத்தனை பக்கம் வருகிறான்?”

“அத்தியாயமே பதினாலு பக்கம் அய்யா.”

“பதினாலு! இவ்வளவு முக்கியமான பாத்திரத்தை யாருக்கோ கொடுக்கப் பார்த்தீர்களே.”

“அய்யா, ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு…”

“நான் படிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.”

அவருடைய நாற்காலியை மண்டபத்தின் நடுவில் போட்டார்கள். முதுகில் பூத்துவாலை விரித்தார்கள். வேலப்பன் சட்டைக் கையை இறக்கிவிட்டு, முகவாயை உயர்த்தி உட்கார்ந்தார். அரசன் உட்கார்வது அப்படித்தான் என்பது சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. யேசுதாஸ் காசிமேட்டில் தன் மச்சானிடமிருந்து இரவல் வாங்கிவந்த துடுப்பை ரமாபாயிடம் கொடுத்தார். ஆறடி நீளம். வேங்கை மரம்.

“கெட்டியா புடி கண்ணு” என்றார்.

செல்லக்கனி வாசித்தார். “‘நேரா அரியணையின் முன்னால் வந்து நின்றாள். உப்பரசன் சிரித்தான்.’”

வேலப்பன் சிரித்தார்.

“‘அவள் துடுப்பை வீசினாள். அவனுடைய முழங்காலில் விழுந்தது.’”

ரமாபாய் வேலப்பனைப் பார்த்தாள். வேலப்பன் செல்லக்கனியைப் பார்த்தார். செல்லக்கனி புத்தகத்தைப் பார்த்தார். ரமாபாய்க்கு ஒத்துழைக்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. வீசினாள்.

கிடங்கின் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின.

“அய்யோ! போதும்! போதும்!”

“‘“போதும்” என்று உப்பரசன் அலறினான்’” என்று வாசித்தார் செல்லக்கனி. “‘இரண்டாவது வீச்சு அவன் தோளில்.’”

இரண்டாவது வீச்சில் வேலப்பன் நாற்காலியோடு சாய்ந்து, நாற்காலி இல்லாமல் உருண்டார்.

“யேசுதாஸ்! பிடி அவளை! யேசுதாஸ்!”

“‘காவலர்கள் அசையவில்லை’” என்றார் செல்லக்கனி.

யேசுதாஸ் அசையவில்லை. அந்த வரி நூலில் இருந்ததா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

“‘மூன்றாவது விலாவில்.’”

விழுந்தது. ரமாபாய்க்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. அடுத்த வரி வேண்டும். அதற்கு இந்த வரி முடிய வேண்டும். பத்து நாளாக அவளுக்கு அதுதான் வழி. சுண்டுவிரல் தீயாய் எரிந்தது. பிடியை மாற்றிக்கொண்டாள்.

“‘உப்பரசன் மண்டியிட்டான். ஆறு தீவின் உப்பும் அவன் வாயில் கரித்தது.’”

வேலப்பன் மண்டியிட்டார். உதட்டில் ரத்தம்.

“‘நேரா துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினாள். இருபதாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். அப்போது’”

பக்கம் முடிந்தது. செல்லக்கனி திருப்பினார்.

வாய் மூடிக்கொண்டது. கண் மட்டும் இடமிருந்து வலம் ஓடியது. மறுபடி இடமிருந்து வலம். ஒரு கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது.

துடுப்பு மேலேயே நின்றது. கீழே வேலப்பனின் வழுக்கைத் தலை.

“மேடம்.”

செல்லக்கனிக்குக் காது கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அலுவலக நேரத்தில் அவர் ஒரு புத்தகத்துக்குள் போனது அதுவே முதல் தடவை.

“மேடம், வாய் வுட்டுப் படிங்கோ. கை நோவுது.”

“கொஞ்சம் இருட்டி…” என்றார் செல்லக்கனி, எங்கிருந்தோ. ஒரு பக்கம் திருப்பினார்.

“திருப்பாதீர்கள்!” என்று கத்தினார் வேலப்பன். கத்தியதும் பயந்தார். “இல்லை, திருப்புங்கள். என்ன இருக்கிறது? அதில் என்ன இருக்கிறது? யாராவது சொல்லுங்கள்!”

யேசுதாஸ் செல்லக்கனியின் தோளுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். முதல் வரியைக் கூட்டி முடித்து, “யம்மாடி” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

மணி நாலே முக்கால்.

ரமாபாய் துடுப்பை இறக்கினாள். நேராகப் போய் செல்லக்கனியின் கையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அவர் விடவில்லை. இழுத்தாள். விட்டார். கவிழ்ந்து கிடந்த நாற்காலியைக் காலால் நிமிர்த்தி, பூத்துவாலையைத் தட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். வீங்காத கண்ணுக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்தாள். ஒன்பது பக்கம் பாக்கி இருந்தது.

படிக்க ஆரம்பித்தாள்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. பிஸ்கட் டின்னை யேசுதாஸ் காலால் நகர்த்தி மூலைக்குத் தள்ளினார். செல்லக்கனி பதிவேட்டை மூடினார். யாரும் விளக்கைப் போடவில்லை, ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

தரையிலிருந்து வேலப்பன் விலாவைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் அரை அடி நகர்ந்தார். முப்பத்தொரு வருடத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“பெண்ணே… அவன் சாகிறானா?”

ரமாபாய் தலையைத் தூக்கவில்லை.

“சும்மா இரு சார். பட்ச்சிகினு கீறேன்.”

பக்கத்தைத் திருப்பினாள்.